கத்தரிக்கோலுக்கு முன் ஒரு வேளைப் பால்

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பாருங்கள். நாக்கின் அடியிலிருந்து கீழ்வாய்க்கு இறங்கும் மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். அது நம் எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு நாக்கின் நடுப்பகுதியோடு நின்றுவிடும், சிலருக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். ஒரு சில குழந்தைகளுக்கு அது குட்டையாகவோ தடிப்பாகவோ அமைந்து, நாக்கை அசையவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் நாக்கு ஒட்டு என்கிறோம். மருத்துவமனையில் டங் டை என்பார்கள். நூறு குழந்தைகளில் நான்கு பேர் என்கிறது ஓர் ஆய்வு, பத்துப் பதினோரு பேர் என்கிறது இன்னொன்று. கணக்கு இவ்வளவு அகலமாக விரிவதற்குக் காரணம் உண்டு: எது ஒட்டு, எது சாதாரணச் சவ்வு என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே அளவுகோல் கிடையாது. ஆகவே, தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் வாயை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, தாயின் மடியில் அது பால் குடிப்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்க்காதவர் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. பார்த்து, தேவை என்று தெரிந்தபின் தள்ளிப்போடவும் கூடாது.

குழந்தை பால் குடிக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். காம்பை மட்டும் சப்பினால் பால் வராது. வாயை அகலத் திறந்து, காம்போடு கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னால் வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டோனா கெட்டஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அல்ட்ராசவுண்ட் வைத்து, பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குள் நடப்பதைப் படம்பிடித்தார்கள். நாக்கு கீழே இறங்குகிற கணத்தில் வாய்க்குள் உறிஞ்சுவிசை கூடுகிறது, பால் பாய்வதும் அப்போதுதான் என்று 2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. நாக்கை எழுப்பவோ நீட்டவோ முடியாத குழந்தை இந்த வேலையை ஈறால் செய்யப் பார்க்கும். தாய்க்கு உயிர் போகிற வலி. குடித்து முடித்ததும் காம்பு சப்பையாகி, நுனி வெளுத்து வெளியே வரும். நாளடைவில் வெடித்துப் புண்ணாகும். குழந்தையோ பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கும், வாயில் 'டக் டக்' என்று ஓசை வரும், களைத்துத் தூங்கும், கால் மணி நேரத்தில் பசித்து அழும். அழும்போது நாக்கு மேலே எழாமல் கிடப்பதும், நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் தெரிவதும் கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் நாக்கு விஷயத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன மற்ற அறிகுறிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பிடிக்கும் விதம் சரியில்லாவிட்டாலும் அவை அத்தனையும் வரும். மார்பு பால் கட்டிக் கல்லாக இருந்தாலும், காம்பு உள்வாங்கியிருந்தாலும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லாவிட்டாலும் வரும். பிறந்ததும் சீம்பாலுக்கு முன்னால் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து, அடுத்த நாளே புட்டியும் கொடுத்துப் பழக்கிய வீடுகளிலும் வரும். இதைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: நாக்கு ஒட்டின் தோற்றம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் இருக்கிறது. ஒட்டு இருந்தும் சுகமாகக் குடிக்கும் குழந்தைகள் உண்டு, ஒட்டே இல்லாமல் திண்டாடும் குழந்தைகளும் உண்டு. சவ்வையும் சிரமத்தையும் ஒரே குழந்தையிடம் கண்டுவிட்டதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி அமெரிக்கா. அங்கே மருத்துவமனையில் இருக்கும்போதே நாக்குச் சவ்வு வெட்டப்பட்ட குழந்தைகள் 1997-இல் ஆயிரத்து முந்நூறுக்கும் குறைவு. 2012-இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது. புட்டிப்பால் கோலோச்சிய காலத்தில் ஒட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதையும், தாய்ப்பால் திரும்பி வந்தபோது அதுவும் கவனத்துக்கு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஏற்றத்தில் ஒரு பங்கு அப்படி நியாயமாக வந்ததுதான். மிச்சப் பங்கு எப்படிப்பட்டது என்று பாஸ்டன் நகரத்து ஆய்வு ஒன்று காட்டியது. சவ்வை வெட்டச் சொல்லி அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை, பேச்சு மற்றும் விழுங்கல் நிபுணரையும் சேர்த்துக்கொண்டு, பால் குடிக்கவைத்து மதிப்பிட்டார்கள். அவர்களில் 62 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவையே தேவைப்படவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 2015-இல் அங்கே நூறு குழந்தைகளில் பதினொருவருக்குச் சவ்வை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் பாலூட்டலைச் சரிசெய், பிறகு ஒரே அளவுகோலால் நாக்கை மதிப்பிடு என்று முறை வகுத்தபின், 2017 நடுவில் அது மூன்றரையாக இறங்கியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் விகிதம் இதனால் குறையவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் வெட்டுவதால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2017-இல் காக்ரேன் அமைப்பு, 302 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி குறைவது தெளிவாகத் தெரிந்தது. குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வலி குறைவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வலி தாங்காமல்தான் பல தாய்மார் புட்டிக்குப் போகிறார்கள். பிரிட்டனில் இதைத் தீர்த்துவைக்க 870 குழந்தைகளோடு ஒரு பெரிய சோதனை திட்டமிட்டார்கள். 169 பேரோடு அது நின்றுபோனது. மூன்று மாதத்தில் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் வெட்டிய பிரிவில் 88 சதவீதம், வெட்டாத பிரிவில் 86. சமம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. வெட்டாத பிரிவில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காத்திருக்கப் பொறுக்காமல் பின்னர் வெட்டிக்கொண்டுவிட்டார்கள். எனவே இந்தச் சோதனையை எந்தப் பக்கத்துக்கும் வக்கீலாக நிறுத்த முடியாது.

"ஒரு நிமிட வேலை, இரண்டு சொட்டு ரத்தம், செய்துவிட்டுப் போகலாமே" என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. ரத்தம் நிற்காமல் போவதும், புண் ஆறும்போது திரும்ப ஒட்டிக்கொள்வதும், வலியால் குழந்தை மார்பையே மறுப்பதும் பதிவாகியிருக்கின்றன. அதைவிடப் பெரிய இழப்பு நாள்கள். சிரமத்துக்கு உண்மைக் காரணம் பிடிமானமாகவோ பால் குறைவாகவோ இருந்தால், வெட்டியதும் 'சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் குழந்தை இன்னும் மெலியும். இன்னொரு வாதம் நம் வீடுகளில் அதிகம் கேட்பது: இப்போது வெட்டாவிட்டால் நாளைக்குப் பேச்சு குழறும், 'ர'கரம் வராது. பேச்சுக் கோளாறு வராமல் தடுப்பதற்காகப் பச்சிளங்குழந்தைக்கு முன்கூட்டியே வெட்டுவதற்குச் சான்று இல்லை. பெரும்பாலான குழந்தைகள் ஒட்டோடேயே தெளிவாகப் பேசுகிறார்கள். பேச்சில் உண்மையாகவே தடை தென்பட்டால், அந்த வயதில் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் மறுபுறம் ஒன்று இருக்கிறது, அது எனக்கு இன்னும் கவலை தருவது. 'எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்' என்று தாயைத் திருப்பி அனுப்புவது. மார்பில் பால் காலியாகாவிட்டால் சுரப்பு குறையும். குறைந்த சுரப்பை மீட்பது கடினம். ஆகவே மதிப்பீடு வாரக்கணக்கில் இழுக்கக் கூடாது. பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். குழந்தைக்கு ஊட்டமும் கிடைக்கும், சுரப்பும் நிற்காது. புட்டிக்கு அவசரமாக ஓடாமலிருக்க நம்மூரில் பாலாடை கைவசம் இருப்பது ஒரு பாக்கியம். மருத்துவரோ பயிற்சிபெற்ற செவிலியரோ பாலூட்டல் ஆலோசகரோ, ஒரு வேளைப் பால் தொடக்கம் முதல் முடிவு வரை குடிப்பதை உட்கார்ந்து பார்த்து, பிடிமானத்தைத் திருத்தி, அடுத்தடுத்த வேளைகளிலும் வலி குறையவில்லை, நாக்கு எழவுமில்லை என்று கண்டால், அப்போது வெட்டுவது நியாயம்.

வெட்டும் முறை எளியது. குழந்தையைத் துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கிப் பிடித்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் சவ்வை நறுக்குவார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும்; உடனே மார்பில் விட்டால் ரத்தமும் அழுகையும் அடங்கும். முன்னதாக, பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டாக வேண்டும். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ கிழிப்பது கூடவே கூடாது; நாக்கின் அடியில் ரத்தக்குழாய்களும் உமிழ்நீர்க் குழாய்களும் இருக்கின்றன. லேசர்தான் உயர்ந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். கத்தரிக்கோலைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. மேலுதட்டுச் சவ்வையும் சேர்த்து வெட்டுங்கள் என்று சொன்னால் பாலூட்டல் நோக்கில் அதற்கும் ஆதாரம் கிடையாது. வெட்டிய இடத்தை நாள்தோறும் விரலால் இழுத்துவிடும் பயிற்சியை 2024 அறிக்கை பரிந்துரைக்கவில்லை. அது குழந்தைக்கு வலிதான். நாக்கின் அடியில் சில நாள் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் தெரியும், அது சீழ் அல்ல, ஆறும் புண். அதுவரை அசையாத நாக்கு அசையக் கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும் என்பதால், வெட்டிய பிறகும் பிடிமானத்தை யாராவது பார்த்துத் திருத்த வேண்டும், ஒரு வாரத்துக்குள் எடையும் போட்டுப் பார்க்க வேண்டும்.