வள்ளம் கரையில் நிற்கும்போது டேங்கைப் பாருங்கள்
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைதான் படித்தேன். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆடு வளர்த்தது, கருவாடு போட்டது, மாவு மிஷின் வைத்தது என்று லாபக் கதை சொன்னார்கள். நான் சொல்லப் போவது நஷ்டக் கதை. ஊக்குநர் அக்காதான், "நீ பட்டதைச் சொல்லு, நாலு வீடு தப்பிக்கும்" என்று என்னை ஏற்றிவிட்டார்.

நம்ம தூத்துக்குடிப் பக்கம் வள்ளத் தொழில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் 60,000 ரூபாய் கடன் வாங்கி, என் நகையையும் அடகு வைத்துத்தான் எங்க வள்ளத்துக்கு மோட்டார் வாங்கினோம். பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓட்டுகிற மோட்டார். கடன் என் பெயரில். மாசம் 3,000 ரூபாய் தவணை.

போன வருஷம் வைகாசியில் எங்க வீட்டுக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டுப் படுத்துவிட்டார். அடுத்து கச்சான் காத்துக் காலம். வள்ளம் ஆவணி வரைக்கும் கரையிலேயே கிடந்தது. டேங்கில் 18 லிட்டர் பெட்ரோல். அதை யாரும் நினைக்கவே இல்லை. வெயிலிலும் உப்புக் காத்திலும் மூணு மாசத்துக்கு மேல் கிடந்தது.

கால் சரியானதும் அவரும் என் கொழுந்தனும் கடலுக்குக் கிளம்பினார்கள். நான் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் வாடையே இல்லை, பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளிச்ச வாடை. "என்னங்க, இது ஒரு மாதிரி இருக்கே" என்றேன். "பெட்ரோல் என்ன தயிரா, புளிச்சுப்போக?" என்று சிரித்துவிட்டு, மேலே நாலு லிட்டர் புதுசு ஊற்றிக்கொண்டு போய்விட்டார்.

போகும்போது மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. திரும்பி வரும்போது இருமி இருமி நின்றுவிட்டது. கயிறு இழுத்து இழுத்துக் கொழுந்தனுக்குக் கை உரிந்துபோச்சு. காத்து வேறு ஏறிவிட்டது. நங்கூரம் போட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். மத்தியானம் வர வேண்டியவர்கள் வரவில்லை. போன் போகவில்லை. நானும் என் மாமியாரும் கரையில் நின்றது எங்களுக்குத்தான் தெரியும். பொழுது அடையும் நேரம் இன்னொரு வள்ளம் அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. கடவுள் புண்ணியத்தில் ஆள் தப்பியது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் மோட்டாரைக் கழற்றும்போது நானும் கூடவே நின்றேன். கடன் என் பெயரில் இருக்கும்போது நான் பார்க்காமல் யார் பார்ப்பது? கார்புரேட்டருக்குள்ளே பழுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தது. ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை உண்டு, அதற்குப் பெயர் ஜெட். அது அடைத்துக் கிடந்தது. "தங்கச்சி, உங்க வீட்டுக் குத்துவிளக்கில் பழைய எண்ணெய் கிடந்தால் பிசுபிசுன்னு ஒட்டுமில்லையா, அதேதான்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எண்ணெய் காத்துப் பட்டுப் பட்டுப் பிசுக்காகிற மாதிரி பெட்ரோலும் ஆகிறது. சீக்கிரம் பற்றிக்கொள்கிற லேசான பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. மீதி பிசினாகிறது.

இன்னொன்றும் சொன்னார். இப்போது பங்கில் விற்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். உப்பளத்துப் பக்கம் இருக்கிற நமக்கு உப்பு எப்படிக் கசியும் என்று சொல்லித் தர வேண்டாம். தண்ணி அளவுக்கு மிஞ்சினால் அதுவும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகத் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? அந்தத் தண்ணியில் 2டி ஆயிலும் இருக்காது. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டனே இறுகிப்போகும். "உங்களுக்கு ஜெட்டோடு போச்சு, சந்தோஷப்படு" என்றார்.

மெக்கானிக் கூலி, சாமான் எல்லாம் 4,350 ரூபாய். வீணாப்போன பெட்ரோல் 1,800 ரூபாய்க்குக் கிட்டே. ஆறு நாள் தொழில் இல்லை. அதே வாரம் தவணை. குழுக் கூட்டத்துக்குப் போகவே வெட்கமாக இருந்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லி ஒரு மாசம் தவணை கேட்டேன். வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, அசலுக்குத் தவணை கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். யாரும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. அதை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய பயம் வீட்டுக்குள்ளே நடந்தது. டேங்கிலிருந்து எடுத்த பழைய பெட்ரோலைக் கொஞ்சம் என் மாமியார் கலர் குடித்த பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்திருந்தார். ஈர விறகு பற்ற வைக்கவாம். என் சின்ன மகள் கலர் என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பெட்ரோலை அடுப்பில் ஊற்றினால் குப்பென்று முகத்துக்குத் திரும்பும். பழசானாலும் அது பெட்ரோல்தான். மோட்டாருக்கு உதவாதே தவிர வீட்டை எரிக்க உதவும்.

மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு எழுதி வைத்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒண்ணு. பெட்ரோல் ஒரு மாசம் தாண்டினால் கவனிக்கணும். மூணு மாசம் தாண்டினால் நம்பக் கூடாது.

ரெண்டு. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வெளியில் நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாகக் கோடு கட்டி நின்றால் தண்ணி. கலங்கியிருந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ, புளிச்ச வாடை அடித்தாலோ அது மோட்டாருக்கு ஆகாது. மேலே புதுசு ஊற்றினால் சரியாகிவிடாது. கெட்டுப்போன குழம்பில் புதுக் குழம்பை ஊற்றுகிற கதைதான்.

மூணு. வெளியே எடுக்கும்போது டேங்கை வள்ளத்திலிருந்து இறக்கிக் காத்தோட்டமான இடத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், வள்ளத்தின் அடியில் தங்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. வாயால் உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாலு. கெட்ட பெட்ரோலை மணலிலோ கடலிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். நம் கிணற்றுத் தண்ணிக்குத்தான் கேடு. பெட்ரோல் கேனில் மூடி, பெயர் எழுதி, மெக்கானிக்கிடம் கேட்டுக் கொடுங்கள். எங்களுடையதை எங்க மெக்கானிக் தனியாக வாங்கிக்கொண்டார். தண்ணிப் பாட்டில், கலர் பாட்டிலில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அஞ்சு. வள்ளம் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், மோட்டாரை நல்ல தண்ணி டிரம்மில் ஓட்டி உப்புக் கழுவும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிறது தீர்ந்து மோட்டார் தானாக நிற்கும். கார்புரேட்டரில் பெரும்பாலும் தங்காது. டேங்க் மூடியில் இருக்கிற காத்துத் திருகை இறுக்கிவிடுங்கள்.

கடைசியாக எங்க குழுவில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். எங்க குழுவில் ஆறு வீட்டில் வள்ளம் இருக்கிறது. யார் வள்ளமாவது பத்து நாளுக்கு மேல் நிற்கும் என்றால், டேங்கில் இருக்கிறதை நல்லா இருக்கும்போதே தொழிலுக்குப் போகிற இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். எல்லோரும் ஒரே கணக்கில்தான் ஆயில் கலக்கிறோம், அதனால் சிக்கல் இல்லை. எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதி, பிறகு புதுசாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். சீனி, காப்பித்தூள் கைமாத்து வாங்குகிற மாதிரிதான். இந்த மழைக்காலத்தில் நாலு வீடு இப்படி மாற்றிக்கொண்டோம். ஒரு லிட்டர்கூட வீணாகவில்லை.

மோட்டார் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று நானும் இருந்தவள்தான். அரிசிப் பானையைத் திறந்து வண்டு பார்க்கிற நாம், கடன் கட்டுகிற நாம், அந்த டேங்கையும் திறந்து பார்ப்போம். வாடை மாறியிருந்தால் வாய்விட்டுச் சொல்வோம். அவர்கள் சிரித்தால் இன்னொரு தரம் சொல்வோம். அன்றைக்கு நான் ஒரே தரம்தான் சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் இப்போது கிளம்புமுன் என்னைக் கூப்பிட்டு, "வந்து மோந்து பாரு" என்கிறார். மோட்டார் கடனில் இன்னும் ஐந்து தவணைதான் பாக்கி.