புதிய இசைத்தொகுப்பும் பழைய ரசிகர்களும்



நீங்கள் போற்றும் இசைக்குழு ஒன்று புதிய இசைத்தொகுப்பை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள்ளாகவே விடுதியிலும் பேருந்திலும் தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிடுகின்றன. “பழைய சுவை போய்விட்டது” என்கிறார் ஒருவர். “அவர்கள் எதைச் செய்தாலும் உயர்வே” என்கிறார் மற்றொருவர். “இதற்கு இசை என்றா பெயர்?” என்று சீறுகிறார் மூன்றாமவர். “முழுவதும் கேட்டீர்களா?” என்று வினவினால் மூவருமே சற்றுத் தயங்குவார்கள். ரசிகர் என்பவர் யார்? தாம் விரும்பும் கலைஞருக்கு அவர் செய்யவேண்டிய கடமை யாது? இவை பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இந்தப் பூசல் புதியதன்று. அமெரிக்கப் பாடகர் பாப் டிலான் வெறும் கிட்டாரும் வாயிசைக் கருவியும் கொண்டு நாட்டுப்புறப் பாணியில் பாடிப் புகழ் பெற்றவர். 1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் மின்சாரக் கிட்டாருடன், ராக் இசைக் குழுவினர் சூழ மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒருவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரைச் சொல்லியே அவரை ஏசினார். ஏசியவர்கள் பகைவர்கள் அல்லர். அவருடைய பழைய பாடல்களை மனப்பாடமாக அறிந்த அன்பர்கள். அன்பே உரிமையாகி, உரிமையே விலங்காகிவிட்டது. அதே டிலானுக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இது மேனாட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்தது. நான் வாழும் லோயர் கேம்ப் இருக்கும் அதே உத்தமபாளையம் வட்டத்தில்தான் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரும் இருக்கிறது. அது இளையராஜா பிறந்த ஊர். அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடினார். பின்னர் தம்பியரும் சேர்ந்து பாவலர் சகோதரர்கள் என்று ஊர் ஊராகச் சென்றார்கள். எங்கள் மக்களுக்கு இசை என்றால் பாட்டு. பாட்டு என்றால் சொல். 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யிலிருந்து இளையராஜாவின் திரைப்பாடல்களை இம்மக்கள் தம் வீட்டுச் சொத்தாகவே கருதினார்கள்.

1986ஆம் ஆண்டு அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அது எந்தத் திரைப்படத்தையும் சார்ந்ததன்று. வாத்திய இசையாக அமைந்தது. ‘ஹவ் டு நேம் இட்’ என்பது அதன் பெயர். இதற்கு எவ்வாறு பெயரிடுவது என்று பொருள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜொஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் அதை அவர் காணிக்கையாக்கியிருந்தார். பாக் 1750இல் மறைந்தவர். தியாகராஜரோ 1767இல் பிறந்தவர். வாழ்நாளில் சந்தித்திருக்க முடியாத இருவரை ஒரே கூடத்தில் அமர்த்திப் பேசவைப்பது போன்ற முயற்சி அது. ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பகுதியில், பாக் தனி வயலினுக்கென்று எழுதிய இசை ஓடிக்கொண்டிருக்க, அதனோடு நம் நாட்டுப் பாணி வயலின் உரையாடும். வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

நான் அப்போது இளம் ஆசிரியன். ஒலிநாடா எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது. கேட்டவர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். ஓர் இளைஞர், “நம் ஊர்க்காரர் செய்தது, குறை சொல்ல எவருக்கும் வாயில்லை” என்றார். ஆனால் அதை இரண்டாம் முறை கேட்க அவர் வரவேயில்லை. தமிழாசிரியர் மூன்று நாள் பொறுமையாகக் கேட்டார். “எனக்குச் சொல் வேண்டும் ஐயா. சொல் இல்லாத இசையில் என் மனம் நிற்க மறுக்கிறது. இது என் இயல்பு; இசையின் குற்றமன்று” என்றார். கணித ஆசிரியரோ முதல் நாள் முகம் சுளித்தவர். ஒரு வாரம் கழித்துத் தாமே வந்து ‘ஃபியூக்’ என்னும் அமைப்பை எங்களுக்கு விளக்கினார். வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள் ஒரு பாட்டைத் தொடங்குகிறார்கள். அவர்கள் சற்று முன்னேறியதும் அதே பாட்டை இரண்டாம் வரிசையினர் தொடங்குகிறார்கள். பின்னர் மூன்றாம் வரிசையினர். ஒன்றை ஒன்று துரத்தியும் ஒன்றோடொன்று மோதாமல் எல்லாம் இசைந்து செல்லவேண்டும். “இது காதால் போடும் கணக்கு” என்றார் அவர்.

இம்மூவருள் உண்மையான ரசிகர் யார்? விளங்கிக்கொண்ட கணித ஆசிரியர் என்பீர்கள். தமிழாசிரியரும் ரசிகரே என்பேன் நான். தமக்குப் பிடிக்கவில்லை என்பதையும், ஏன் பிடிக்கவில்லை என்பதையும் அவர் கேட்ட பின்பு சொன்னார். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது ஒரு செய்தி. “அது நன்றாக இல்லை” என்பது வேறொரு செய்தி. இரண்டையும் பிரித்தறிவதே ரசனையின் முதற்படி. புகழ்ந்துவிட்டுக் கேளாமல் போனவர்தாம் கலைஞரைத் தனியே விட்டவர்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. 1895இல் பெரியாறு அணை முடிந்தபோது, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் பாசனத்துக்கே பயன்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே லோயர் கேம்பில் மின் நிலையம் எழுந்தது. இன்று அந்த நீர் பெருங்குழாய்களில் இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றிய பிறகு வயலுக்குச் செல்கிறது. விளக்கு எரிவதால் நெல்லுக்குச் செல்லும் நீரில் ஒரு துளியும் குறைவதில்லை. 1986க்குப் பின்னும் இளையராஜா திரைப்பாடல்களை அமைத்துக்கொண்டேதான் இருந்தார். ஆகவே, கலைஞர் புதிய வழியில் சென்றால் பழைய வயல் காய்ந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை.

2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினருடன் அவர் திருவாசகத்துக்கு இசையமைத்து வெளியிட்டபோது, அதைச் சிம்பொனி என்று அழைக்கலாமா என்ற வாதம் எழுந்தது. பெயரைப் பற்றிய ஆராய்ச்சி தேவைதான். ஆனால் பெயரோடு நின்றுவிட்டால் இசையைத் தவறவிடுவோம். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனியை அரங்கேற்றியது. அன்று அதைக் கேட்டவர்கள் அரங்கில் இருந்தவர்கள். இங்கே கேளாதவர்களும் மகிழ்ந்து வாழ்த்தினார்கள். எனக்கும் பெருமைதான். ஆயினும் பெருமிதம் வேறு, கேட்டல் வேறு. பெருமிதம் ஒரு நாளில் அடங்கிவிடும். கேட்டு அடைந்த இன்பம் ஆயுள் முழுவதும் உடன் வரும்.

மாணவர்களே, புதிய இசைத்தொகுப்பு உங்கள் கைக்கு வரும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, கலைஞர் வைத்த வரிசையிலேயே, வேறு வேலை எதுவும் செய்யாமல், முழுவதும் கேளுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது, அதில் இல்லாதது எது என்று தேடுமுன், இருப்பது எது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது, உங்கள் கருத்தோடு மாறுபடும் நண்பரை இகழாதீர்கள். அவர் செவியில் விழுந்தது உங்கள் செவிக்குத் தப்பியிருக்கலாம். சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதன் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் கருத்துப்பட வள்ளுவர் கூறியது இசைக்கும் பொருந்தும்.

கண்மூடிப் புகழும் நூறு பேரைவிட, செவி திறந்து கேட்டு, “இவ்விடம் என்னைத் தொட்டது, இவ்விடம் தொடவில்லை” என்று சொல்லும் ஒருவரே கலைஞருக்குத் துணை. அந்த ஒருவராக இருப்பது உங்களால் இயலும்.