என்வியும் ஜெலசியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆங்கிலத்திலே 'என்வி' என்றும் 'ஜெலசி' என்றும் இரு சொற்கள் உள. இரண்டையும் நாம் 'பொறாமை' என்றே மொழிபெயர்த்து விடுகின்றோம். ஆயினும் அவை ஒன்றல்ல. பிறனிடத்து உள்ளது நம்மிடத்து இல்லையே என்று புழுங்குவது என்வி. நம்மிடத்து உள்ளதைப் பிறன் கொண்டுபோய் விடுவானோ என்று அஞ்சுவது ஜெலசி. முன்னையது இல்லாதவன் நோய். பின்னையது உள்ளவன் நோய்.

1604ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பெற்ற செகசிற்பியாரின் 'ஒதெல்லோ' நாடகத்திலே இவ்விரண்டையும் அருகருகே காணலாம். தான் விரும்பிய படைப்பதவி கசியோவுக்குப் போயிற்றே என்று இயாகோ மனம் வேகின்றான்; அது என்வி. தன் அன்பு மனைவி பிறனை நாடினாளோ என்று ஒதெல்லோ ஐயுறுகின்றான், அது ஜெலசி. முன்னவன் மூட்டிய தீயிலே பின்னவன் வெந்தான். குற்றமற்ற டெஸ்டெமோனா மாண்டாள்.

சொற்களின் பிறப்பும் கருதத்தக்கது. என்வி என்பது, தீய கண்கொண்டு நோக்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கண்ணூறு கழிக்கும் நம் ஆச்சிமாருக்கு இஃது எளிதில் விளங்கும். ஜெலசியோ, ஊக்கத்தைக் குறிக்கும் 'சீல்' என்னும் சொல்லோடு ஒரே கிரேக்க வேரிற் பிறந்தது. ஒன்றன்மேல் வைத்த பற்று அச்சமாகத் திரியுமிடத்து ஜெலசி தோன்றுகின்றது.

இனி, நம் போன்ற சங்கங்களை நோக்குவோம். தனக்குக் கிடையாத செயலாளர் பதவியைப் பார்த்து இளைஞன் ஒருவன் புழுங்குகின்றான். பல்லாண்டு பாடுபட்ட பெரியவர் ஒருவர், திறப்பையும் கணக்குப் புத்தகத்தையும் கைவிட மனமின்றி இருக்கின்றார். ஊரார் இரண்டையும் பொறாமை என்பர். ஆனால் மருந்து வேறு. இளைஞனுக்குப் பொறுப்புள்ள பணியொன்று கொடுத்தல் வேண்டும். பெரியவருக்கோ, தாம் வளர்த்தது அழியாது என்னும் உறுதியைக் கொடுத்தல் வேண்டும். நோய் இன்னதென்று அறியாது மருந்து கொடுத்தலாகாது.

இதனால் நமது தமிழ்ச் சொல் குறையுடையது என எண்ணற்க. பொறாமை என்பது பொறுக்கமாட்டாமை. இரு நோய்க்கும் அடி அதுவே. திருக்குறளிலே பொறையுடைமை 16ஆம் அதிகாரம். அழுக்காறாமை 17ஆம் அதிகாரம். மருந்தை முன்வைத்து நோயைப் பின்வைத்தார் வள்ளுவர் போலும்!

ஆதலால், மூத்தோர் இளையோரின் வேகத்தைப் பொறுப்பாராக. இளையோர் மூத்தோரின் தாமதத்தைப் பொறுப்பாராக. சங்கம் இருசாராருக்கும் உரியது.