பூட்டிய வீட்டில் கறையான்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீடும் நம் கையை விட்டுப் போகிறது. ஆகவேதான் நம்மவர் பலர் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, கிள்ளானிலோ கோலாலம்பூர்ப் புறநகரிலோ சொந்த வீடு தேடுகிறோம். 1951ஆம் ஆண்டு தொடங்கிய அந்த நிதியில் நம் பெயரில் சேர்ந்திருப்பது நம் வியர்வை. நமக்கு எட்டும் விலையில் கிடைப்பதோ பல நேரங்களில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பழைய வீடு. புதுச் சாயம் பூசிக் காட்டுவார்கள். சாயத்துக்குள் மரம் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

கறையான் நமக்குப் புதிதல்ல. பால்மரத்தின் அடியில் மண்ணை அப்பிக்கொண்டு உயிர்மரத்தையே தின்னும் கறையானை நாம் அறிவோம். மரம் நன்றாக நிற்பதுபோலத் தோன்றும். காற்றில் சாய்ந்த பிறகே உள்ளே கூடாகிப் போனது தெரியும். அதன் பெயர் கொப்டோடெர்மிஸ் கர்விக்னாதஸ். நகரத்து வீடுகளைத் தின்பதில் முதலிடம் பெறும் கொப்டோடெர்மிஸ் கெஸ்ட்ராய், அதன் பங்காளி. ஈரம், இருட்டு, அமைதி ஆகிய மூன்றும் இவற்றுக்குப் பிடிக்கும். பூட்டிய வீட்டில் மூன்றும் உண்டு. குழாய் ஒழுகினாலும் கேட்பாரில்லை. சுவரில் மண் ஏறினாலும் துடைப்பாரில்லை.

எனவே வீடு பார்க்கப் பகலில் போவோம். டார்ச் விளக்கும் திருப்புளியும் கையில் இருக்கட்டும்.

முதலாவது, மண் தடம். பென்சில் கனத்தில் சுவரில் ஏறியிருக்கும். தண்ணீர்க் குழாய் நுழையுமிடம், சமையலறைத் தொட்டியின் கீழ், அலமாரியின் பின்புறம், கூரையின் உட்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மரத்தின் ஓசை. கதவு நிலையை அடியிலிருந்து தட்டிக்கொண்டே வருவோம். வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தால், கேட்டுக்கொண்டு திருப்புளி முனையால் அழுத்துவோம். அட்டைபோல் அமிழ்ந்தால் அங்கே நிற்பது சாயம் மட்டுமே. சாயம் கொப்புளித்திருப்பதும் கதவு இறுகுவதும் வெறும் ஈரத்தாலும் வரலாம். தட்டிப் பார்த்தே முடிவு செய்வோம்.

மூன்றாவது, ஈசல் இறகு. ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில், ஜன்னலடியில் ஒரே அளவான இறகுகள் குவிந்து கிடந்தால், ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது என்று ஐயப்பட வேண்டும்.

நான்காவது, மரத்தடியில் கசகசா போன்ற துகள். இது உலர்மரக் கறையானின் எச்சம். அது மண் தடம் போடாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும்.

மண் தடம் கண்டால் சிறிது உடைத்துப் பார்ப்போம். கொப்டோடெர்மிஸ் காவல் கறையானைச் சீண்டினால் தலையிலிருந்து பால்போன்ற திரவம் கசியும். பால் வெட்டும் நமக்கு இந்த அடையாளம் மறக்காது. பூச்சி தென்படாவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி போவோம். உடைத்த இடம் அடைபட்டிருந்தால் கறையான் உள்ளே இருக்கிறது. அடைபடாவிட்டாலும் தொலைந்தது என்று நம்பிவிடக் கூடாது. வேறு வழியாகப் போயிருக்கலாம்.

“மருந்து தெளித்தாகிவிட்டது” என்பார்கள். மேலே தெளித்தால் கண்ணில் பட்டது சாகும். மண்ணுக்குள் இருக்கும் கூடு பிழைத்துக்கொள்ளும். உரிமம் பெற்றவர்கள் மண்ணில் மருந்து செலுத்த வேண்டும், அல்லது கூடு வரை போய்ச் சேரும் இரை வைக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்போம். கையெழுத்திட்ட பின் பேசுவதற்கு இடமிருக்காது.

ஒருவர் தனியாகப் போக வேண்டாம். மரம் தெரிந்த பால்வெட்டுத் தோழரும், பத்திரம் படிக்கத் தெரிந்த கிராணியும் சேர்ந்து போகட்டும். ஒருவர் நிலையைத் தட்டட்டும். மற்றவர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கட்டும். சம்பளப் பேச்சுக்கு ஒன்றாக நிற்கும் நாம், அந்தச் சம்பளத்தில் சேர்ந்த பணத்தைக் காக்கவும் ஒன்றாகவே நிற்போம்.