தண்ணீருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புக்கு எந்தப் பசை?

(மாதாந்திர நலக் கூட்டத்தில் குழாய்ப் பணி செய்யும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



மாடித் தொட்டியிலும் பள்ளிவாசல் ஹவுலிலும் குழாய் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்தால் எதைப் போட்டு அடைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

சொட்டுத்தானே என்று விட்டுவிடுகிறோம். கசியும் இடத்தின் கீழே 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்துப் பாருங்கள். அது ஒரு நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளில் வீணாவது 288 லிட்டர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அந்தக் கணக்கில், ஒரு நாள் கசிவு ஏறத்தாழ 400 பேர் உளூச் செய்யும் தண்ணீர். மோட்டார் ஓடும் கரண்டு பில் தனி. கசிவு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து, மேற்கூரை பெயர்ந்து விழும்.

தண்ணீருக்குள் இருக்கும் இணைப்பை அடைக்கும் வேலையில் நமக்கு முன்னோடிகள் கடற்கரை மக்கள். மரக்கலத்தின் பலகைச் சந்துகளில் பஞ்சு திணித்துப் பிசின் பூசும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். அரபியிலும் அதையொட்டிய சொல் இருக்கிறது. இன்றைய ஃபைபர் படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளும் வருகின்றன. அங்கே வேலை தெரிந்தவர் "எந்தப் பசை உசத்தி?" என்று ஆரம்பிக்க மாட்டார். "இது எந்தப் பிளாஸ்டிக்? பிறகு கழற்ற வேண்டி வருமா?" என்றுதான் கேட்பார். பாலிசல்ஃபைடு பசை மரத்துக்கும் உலோகத்துக்கும் நல்லது. அதையே பிவிசி, ஏபிஎஸ், அக்ரிலிக் மேல் போட்டால், நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக் இறுகி விரிசல் விடும். நைலானுக்கு அந்தக் கெடுதல் இல்லை. பாலியூரிதேன் பசை பிடித்தால் விடாது. பின்னால் மாற்ற வேண்டிய ஃபிட்டிங்கில் அதைப் போட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியன் துணிக்கு ஒரு ஊசி, காட்டன் துணிக்கு வேறு ஊசி. துணியைப் பார்த்துத்தானே ஊசி மாற்றுகிறோம்? பசையும் அப்படித்தான்.

முதலில், நாம் சின்டெக்ஸ் என்று சொல்லும் மாடித் தொட்டி. அது பாலிஎத்திலின். மெழுகு போல வழுவழுப்பானது. கடையில் விற்கும் சாதாரணப் பசை எதுவும் அதில் நிலைக்காது. சிலிக்கான் தடவினால் சில நாளில் தோலாக உரிந்து வரும். எம்-சீல் வைத்தால் கட்டியாகக் கழன்று விழும். அங்கே தண்ணீரை நிறுத்துவது பசை அல்ல, ரப்பர் வாஷர். தட்டையான இடத்தில் வட்ட ரம்பம் கொண்டு துளை போட்டு, பிசிறைச் சீவி, டேங்க் நிப்பிளை வாஷரோடு பொருத்தி, நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் சிறிது திருப்பினால் போதும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டால் ஓரம் கோணலாகும்; வாஷர் உட்காராது. துளை பெரிதாகிவிட்டதா? அடுத்த அளவு நிப்பிளுக்கு மாறுங்கள்.

இரண்டாவது, பிவிசி குழாய். சால்வென்ட் சிமெண்ட் வெறும் பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடும். குழாய் ஈரமாக இருந்தால் அந்தச் சேர்க்கை நடக்காது. எனவே வால்வை அடைத்து, தண்ணீரை வடித்து, துடைத்துக் காயவிட்ட பிறகே தடவ வேண்டும். சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி குழாய்க்குச் சிபிவிசிக்கு உரிய சிமெண்ட்தான்; சாதாரண பிவிசி சிமெண்ட் ஆகாது. டப்பாவில் கூழாக இறுகியதைத் தின்னர் ஊற்றிக் கரைக்காதீர்கள். ஒட்டிய பின் ஒரு நாள் விட்டுத் தண்ணீர் திறப்பது நல்லது.

மூன்றாவது, மரை போட்டுத் திருகும் இணைப்பு. இதற்கு டெஃப்லான் டேப். மரை திரும்பும் திசையிலேயே சுற்றுங்கள். சணல் சுற்றிப் பெயிண்ட் தடவுவது இரும்புக் குழாய்க்கு வந்த வழக்கம். பிளாஸ்டிக்கில் அந்தச் சணல் ஊறிப் பருத்து ஃபிட்டிங்கை வெடிக்கச் செய்யும். குடிக்கும் தண்ணீரில் பெயிண்ட் கலக்கவும் கூடாது. கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்காதீர்கள். கழற்றி, டேப்பை மாற்றிச் சுற்றுங்கள்.

நான்காவது, சிலிக்கான். காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது அது. உலர்ந்த இடத்தில் தடவி, இறுகிய பிறகே தண்ணீர் விட வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது. முழுவதும் சுரண்டி எடுங்கள். புளித்த காடி வாசனை வரும் வகை சிமெண்ட் சுவருக்கு ஒத்துவராது. பாத்ரூமுக்கென்று விற்கும் பல வகைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும்; குடிதண்ணீர்த் தொட்டிக்குள் வேண்டாம். குடிதண்ணீருக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

இனி ஹவுல். சிமெண்ட் சுவருக்குள் வழுவழுப்பான பிவிசி குழாயை அப்படியே பதித்தால் இரண்டும் ஒட்டாது. குழாயின் முதுகோடு தண்ணீர் வழி பிடித்து வரும். மேலே எத்தனை முறை பூசினாலும் அந்த வழி அடையாது. பதிக்கும் முன்பே, சுவருக்குள் போகும் பகுதியில் சால்வென்ட் சிமெண்ட் தடவி, சுத்தமான ஆற்று மணலைத் தூவிக் காயவிடுங்கள். சொரசொரப்பான அந்தப் பகுதியைச் சிமெண்ட் கவ்விப் பிடிக்கும். ஏற்கெனவே பதித்துக் கசிகிறது என்றால், ஹவுலை வடித்துவிட்டு, குழாயைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். ஒரு நாள் சிரமம். வருடக் கணக்கில் நிம்மதி.

எம்-சீல் போன்ற இரட்டைக் கலவை தேவையே இல்லையா என்று கேட்பீர்கள். தேவைதான். இரவில் குழாய் விரிந்தால், உப்புத்தாளால் தேய்த்து வைத்துக் கட்டலாம். அது முதலுதவி. மறுநாள் அந்தத் துண்டை வெட்டி மாற்றிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது "நல்ல பசை ஒன்று கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். கசியும் துண்டையோ, அதன் போட்டோவையோ கொண்டுபோங்கள். தொட்டி எது, குழாய் எது, அது குடிதண்ணீரா, பிறகு கழற்ற வேண்டுமா என்று சொல்லுங்கள். பல நேரம் பத்து, இருபது ரூபாய் வாஷரோடு வேலை முடிந்துவிடும்.

பள்ளிவாசல் தண்ணீரும் மோட்டாரும் மக்கள் கொடுத்த பணத்தில் வந்த அமானிதம். தனியாக இருக்கும் முதியவர்கள், ஆண் துணையில்லாத சகோதரிகள் வீட்டு மாடிக்கு ஏறிப் பார்க்க ஆளில்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். தம்பிமார்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுத் தொட்டியையாவது பார்த்துக் கொடுங்கள். டம்ளரை வைத்து அளந்து பாருங்கள். மற்றது உங்களுக்கே தெரியும். அல்லாஹ் நம் அனைவரின் நல்ல செயல்களையும் ஏற்றுக்கொள்வானாக.