மருந்தும் மக்களின் அறியும் உரிமையும்



துணி வாங்கச் செல்பவர் பத்துத் துணிகளைப் பிரித்துப் பார்க்கிறார். சாயம் போகுமா என்று கேட்கிறார். அவரே மருந்துக் கடையில், "காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உடலுக்குள் செல்லும் பொருளைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே கேட்கிறோம்.

நம்மில் பலருக்கு மருந்துச் செய்தி வரும் வழிகள் அண்டை வீட்டார், பழைய மருந்துச் சீட்டு, விளம்பரம், கடைச் சிப்பந்தி ஆகியவையே. இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். 650 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையை ஒருவர் நாளொன்றுக்கு நான்கு முறை உண்கிறார்; அளவு 2,600 மில்லிகிராம். சளிக்கென்று வாங்கிய வேறொரு மாத்திரையிலும் அதே மருந்து 500 மில்லிகிராம் இருக்கிறது. அதையும் நான்கு முறை உண்டால் மொத்தம் 4,600 மில்லிகிராம். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 4,000 மில்லிகிராம்தான். மிகுதி கல்லீரலைத் தாக்கும். வணிகப் பெயர்கள் வேறுபட்டமையால் அவர் இதனை அறியவில்லை.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகள், 'எச்' அட்டவணை மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்கின்றன. 2014 மார்ச் முதல் 'எச்1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் கடைக்காரர் பதிவேட்டில் குறித்து, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளிக்கு விளக்கம் அளிப்பது மருந்தாளுநரின் கடமை என 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

ஆயினும், ஏட்டில் உள்ள உரிமை மக்களின் கைக்கு எட்ட வேண்டாமா? அட்டையிலுள்ள எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் உள்ளது. ஏழைத் தொழிலாளி இரண்டு மாத்திரைகளை மட்டும் வெட்டி வாங்கும்போது, காலாவதித் தேதி அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. மிகுதியும் அறிய வேண்டியவருக்கே மிகக் குறைந்த செய்தி கிடைக்கிறது.

எனவே, மாணவர்கள் தத்தம் வீடுகளில் நான்கு வினாக்களைப் பழக்கமாக்க வேண்டும்: மருந்தின் மூலப்பெயர் யாது? எவ்வளவு, எத்தனை நாள் உண்பது? வேறெந்த மருந்தோடு சேரலாகாது? காலாவதி என்று? வேண்டாத விளைவு தோன்றினால் உடனே மருத்துவரை நாடுவதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் தெரிவிக்கலாம். அலுவலர்கள் கடைகளைச் சோதிக்கையில், உரிமத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல், மருந்தாளுநர் இருக்கிறாரா, வாங்குவோரிடம் அவர்தம் மொழியில் பேசுகிறாரா என்றும் பார்த்தல் வேண்டும்.

மருந்தோடு அதைப் பற்றிய அறிவும் சேர்ந்து சென்றால்தான் மருத்துவ வசதி மக்களைச் சென்றடைந்தது என்று நாம் கூற முடியும்.