எம். ஜே. கோபாலன் தெரிந்த வழி
(கொரட்டூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மேடையில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக் கூடும். கல்வி, உத்தியோகம், விவாகம் ஆகியவற்றை ஆராயும் நாம், நம் பிள்ளைகள் மாலைதோறும் மனத்தைப் பறிகொடுக்கும் விஷயத்தையும் ஆராய்தல் கடமையன்றோ? ஆதலின், பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் 1909-ஆம் ஆண்டு பிறந்த எம். ஜே. கோபாலனின் சரிதத்தை எடுத்துக்கொண்டோம். நம் கொரட்டூரும் அக்காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே.

கோபாலன் மித வேகப் பந்து வீச்சாளர். அதிவேகமாய் வீசுவோர் வலிமையால் அச்சுறுத்துவர். மித வேகக்காரரோ புதுப் பந்தின் தையலை நேரே நிறுத்தி, காற்றில் அது வளையுமாறு செய்து ஆட்டக்காரரை ஏமாற்றுவர். இதற்குத் தோள்வலியோடு மணிக்கட்டின் அடக்கமும், வெயிலில் தளராத பொறுமையும் வேண்டும்.

இவரது திறமையைக் கண்டுணர்ந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் புகழ்ந்ததோடு நில்லாது, பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலையும் கிடைக்கச் செய்தார். கைதட்டுதல் எளிது; சோற்றுக்கு வழி செய்தலே அரிது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்துக் கோபாலன் டெஸ்ட் பந்தயம் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய பந்தயத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தை வீசும் பேறும் இவருக்கே கிட்டியது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகள் வீழ்த்த, அப்பந்தயம் ஒரே நாளில் சென்னைக்கு வெற்றியாக முடிந்தது.

ஹாக்கியிலும் இவர் வல்லவர். 1935-இல் தியான் சந்த் முதலியோருடன் நியூஜிலாந்து சென்று வந்தார். அடுத்த ஆண்டு இரண்டு வழிகள் எதிர்ப்பட்டன: ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மற்றொன்று, இங்கிலாந்துக் கிரிக்கெட் யாத்திரை. கோபாலன் கிரிக்கெட்டையே தெரிந்துகொண்டார். விளைவு யாது? அங்கு நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவருக்கு இடமில்லை. ஹாக்கிக் குழுவோ 1936 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கல்கத்தா டெஸ்டே இவருக்கு முதலும் முடிவுமாயிற்று.

இதைக் கேட்டதும், "ஐயோ, தவறான வழியில் போனாரே!" என்று இரங்குவது உலக வழக்கம். யாம் அவ்வாறு கருதவில்லை. பலன் தெரிந்த பின் தீர்ப்புச் சொல்லுதல் யாவர்க்கும் கூடும்; வழியிற் கால் வைக்கும் வேளையில் ஒருவர்க்கும் அது தெரியாது. கோபாலன் பதக்கத்தை இழந்தார். சென்னையோ அவரை மறக்கவில்லை. சென்னைக்கும் இலங்கைக்கும் 1952-53 முதல் நடந்த பந்தயத்துக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். 2003-இல் அவர் காலமானார்.

பெற்றோர்களே! விளையாடும் பிள்ளை தோற்றுத் திரும்பினால், "அன்றே சொன்னோமே" என்று இடித்துரையாதீர்கள். சங்கத்தாரே! திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு மாலையும் பொன்னாடையும் போதா. ஒரு ஜோடி காலணியும், பரீட்சைக் கட்டணமும், பின்னர் ஓர் உத்தியோகமும் தேடித் தருதலே உண்மையான ஆதரவு. அன்று அந்நியர் ஒருவர் செய்ததை, இன்று நாம் செய்யலாகாதா?